ராத்திரியில் பேட்டரியைத் தின்றது யார்?

மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றைக்கே நம் பிரிவில் பாதிப் பேர் கவிதை எழுதக் கிளம்பிவிட்டார்கள். மீதிப் பேர் 'நட்பு' பற்றி எழுதுகிறார்களாம். எனக்கு இரண்டும் வராது. ஒரு காரின் பேட்டரி திங்கட்கிழமை காலையில் மட்டும் ஏன் செத்துப் போகிறது என்று தேடிக் கண்டுபிடித்த கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். சிவில் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் ஓம்ஸ் லாவுக்கு மேல் பெரிதாக எதுவும் கிடையாது. அது முதல் வருஷத்திலேயே எல்லோருக்கும் உண்டு. தேறினோமா என்பது வேறு விஷயம்!

முதலில் வண்டி யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். எங்களுடையது இல்லை. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா ஐந்தாவது வரைக்கும். அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை, ரோஜா பசுமைக்குடிலில் பூ வெட்டும் வேலை. அப்பா டிரைவர். ஓனர் வண்டி, மஞ்சள் போர்டு, டீசல் கார். கம்பெனி டிரிப். முதல் ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றி சிப்காட்டில் இறக்கிவிட்டு, அப்படியே அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி. ராத்திரி திரும்பவும் அதே ரோடு. ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1980-இல் அசோக் லேலண்டு இங்கே தொழிற்சாலை திறந்தது. அதே வருஷம் டி.வி.எஸ். 50 மொபெட் இந்த ஊரிலிருந்து வெளியே வந்தது. அதற்கப்புறம் இந்த ஊரில் சேவல் கூவி யாரும் எழுந்ததில்லை, ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துத்தான் எழுந்திருக்கிறார்கள். முதல் ஷிப்டு 6 மணிக்கு என்றால் அப்பா 4 மணிக்கு சாவியைத் திருக வேண்டும். 4 மணிக்கு எடுக்க வேண்டிய வண்டி என்பதால் ராத்திரி எங்கள் தெருவிலேயே வேப்பமரத்தடியில் நிற்கும்.

பிரச்சினையும் அங்கேதான். வண்டி எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது, பேட்டரி ராத்திரியில் இறங்குகிறது. அப்புறம் பழி யார் மேல் விழும்?

போன நவம்பரில் ஆரம்பித்தது. திங்கட்கிழமை காலை 4 மணிக்கு சாவியைத் திருகினால் 'டக்... டக்... டக்' என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்கு மங்கிப் போகும், அவ்வளவுதான். தள்ளி ஸ்டார்ட் பண்ண தெருவில் ஆள் வேண்டுமே! நானும் அப்பாவும் பக்கத்து வீட்டு பால்கார அண்ணனும் தள்ளுவோம். டீசல் வண்டி, பனி வேறு. ஒரு தடவை கிளம்பும், ஒரு தடவை கிளம்பாது. கிளம்பாத அன்றைக்கு கம்பெனிக்காரன் வேற வண்டியைக் கூப்பிட்டு, அந்த வாடகையை ஓனர் பில்லில் கழித்துவிடுவான்.

ஓனர் புது பேட்டரி போட்டார். மூன்று வாரம் நன்றாக ஓடியது. நாலாவது திங்கட்கிழமை மறுபடியும் 'டக் டக்'. அன்றைக்கு ஓனர் ஸ்டாண்டிலேயே, நாலு டிரைவர் நிற்கும்போது, "ஏம்பா, ராத்திரி வண்டிக்குள்ள உக்காந்து பாட்டு கேக்குறியா? இல்ல ரூம் லைட்டைப் போட்டுட்டே போய்ப் படுத்துடுறியா? புது பேட்டரி எப்படிய்யா இறங்கும்?" என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. பேட்டரிக் காசை மாதம் 1,000 ரூபாய் வீதம் சம்பளத்தில் பிடிப்பதாகப் பேச்சு. இரண்டு மாதம் பிடித்தும் ஆயிற்று.

ஆயிரம் ரூபாய் போனதைவிட அந்த 'பாட்டு கேக்குறியா'தான் அப்பாவைத் தின்றுகொண்டிருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தவர். வண்டியை நிறுத்தியதும் ஒரு சுற்று சுற்றி வந்து நாலு கதவையும், டிக்கியையும் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். பழி வந்த பிறகு ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் நான் இறங்கினேன்.

ஊரில் ஆளுக்கொரு தீர்ப்பு. அத்திப்பள்ளியில் ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலேயே, "பேட்டரி ஹோய்த்து அண்ணா" என்றார். பேட்டரி போச்சு என்று அர்த்தம். இந்த எல்லையில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்று பாஷையிலும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வாக்கியம் இதுதான். ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எல்லாம் ஒரே குரலில் ஜி.பி.எஸ். டப்பாவைச் சொன்னார்கள். 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பயணிகள் வாடகை வண்டிகளில் இடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி. அந்தக் கருவி வண்டி நின்றாலும் தூங்காமல் வேலை செய்யும், அதனால் அதுதான் குற்றவாளி என்பது அவர்கள் கட்சி. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தரும் அளந்து பார்க்கவில்லை.

இங்கே கொஞ்சம் பாடம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாவியை எடுத்துக் கதவைப் பூட்டிய பிறகும் கார் கொஞ்சம் கரண்ட் குடித்துக்கொண்டுதான் இருக்கும். கடிகாரம், ரேடியோவின் ஞாபகம், சென்ட்ரல் லாக், என்ஜின் கம்ப்யூட்டர் எல்லாம் முழுசாக அணைவதில்லை, தூங்குகின்றன. தூக்கத்திலும் மூச்சு விட வேண்டுமே! அந்த மூச்சுக்கு 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை ஆகலாம். அதற்கு மேல் போனால்தான் நோய். புத்தகத்தில் இதற்கு 'பாரசிட்டிக் டிரெய்ன்' என்று பெயர். ஒட்டுண்ணி மாதிரி ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவது. ஒர்க்‌ஷாப்பில் 'லீக்கேஜ்' என்றால் போதும்.

நோய் இல்லாத வண்டியே எப்படிப் படுக்கும் என்பதற்கு 2020 ஊரடங்கு நல்ல உதாரணம். மார்ச் 25-இல் ஆரம்பித்து மே 31 வரை 68 நாள். வண்டி 30 மில்லி ஆம்பியர் மட்டும் குடித்தாலும் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-அவர். 68 நாளைக்கு 49. பேட்டரி மொத்தமே 60 ஆம்பியர்-அவர்தான்! அதனால்தான் அப்போது வண்டியை எடுக்கப் போன எத்தனையோ பேர் 'டக் டக்' கேட்டார்கள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பேட்டரிக் கடை வாசலில் நின்ற கூட்டம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. காரணம் இப்போதுதான் புரிகிறது.

ஆனால் எங்கள் வண்டி சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு நின்று திங்கட்கிழமை காலை 4 மணிக்கே படுக்கிறது. 31 மணி நேரம். இவ்வளவு சீக்கிரம் படுக்க வைக்க மூச்சு போதாது, யாரோ வாயை வைத்து உறிஞ்ச வேண்டும்.

மீட்டர் வாங்கினேன். சந்தையில் கிடைக்குமே, மஞ்சள் நிற டிஜிட்டல் மல்டிமீட்டர், அதுதான். அம்மா கொடுத்த பஸ் காசில் மிச்சம் பிடித்தது. அப்பா ஓனருக்குப் போன் போட்டு, "பையன் பார்க்கறேங்கறான் சார்" என்றார். "பார்க்கட்டும். எதையும் கழட்டி வெச்சுடப் போறான்" என்று பதில் வந்தது. சரி, கழட்டாமல் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் என்று முடிவு.

சனிக்கிழமை ராத்திரி வண்டி வந்து நின்றது. என்ஜின் ஓடும்போதே பேட்டரி முனையில் மீட்டரை வைத்தேன். 14.2 வோல்ட். சார்ஜ் நன்றாக ஏறுகிறது. ஆக ஆல்டர்னேட்டர் நல்லது என்று எல்லோரும் சொல்லியிருந்தது சரிதான் போலிருந்தது. இந்த 14.2-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குப் பார்த்தால் 12.3. நம் லேபில் படித்ததுதான்: ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி முழுசாக இருந்தால் 12.6, பாதிக்கு வந்தால் 12.2, 11.9-க்கு வந்தால் ஏறக்குறைய காலி. அதாவது அப்பா ஒரு விளக்கையும் போடாத ராத்திரியில், நானே கடைசியாகப் பூட்டி சாவியைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கிய ராத்திரியில், பேட்டரி இறங்கியிருக்கிறது.

இனி ஆம்பியர். வோல்ட் பார்க்க முனையில் வைத்தால் போதும். ஆம்பியர் பார்க்க மீட்டரை நடுவில் கோர்க்க வேண்டும். மைனஸ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டர். சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் மாற்றிக் குத்தாமல் வைத்தால் உள்ளே ஃபியூஸ் போய்விடும். மீட்டர் கோர்த்திருக்கும்போது யாராவது சாவியைத் திருகினால் மீட்டரே போய்விடும், ஏனென்றால் ஸ்டார்ட்டர் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதனால் சாவியை அம்மாவிடம் கொடுத்து, யார் கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டேன். அம்மா முந்தானையில் முடிந்துகொண்டார்.

இன்னொரு விஷயம். கேபிளைக் கழற்றி மாட்டியதும் வண்டியின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விழித்துக்கொள்ளும். உடனே ரீடிங் பார்த்தால் 2 ஆம்பியர், 3 ஆம்பியர் என்று காட்டும். அதைப் பார்த்து அலறக் கூடாது. குழந்தையைத் தூங்க வைப்பது மாதிரி அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். டிரைவர் பக்கக் கதவு திறந்திருந்தால் வண்டி தூங்காது. ஃபியூஸ் பெட்டி உள்ளே இருப்பதால் கதவைத் திறந்து வைத்தாக வேண்டும். அதற்கு ஒரு தந்திரம்: கதவு பூட்டின் கொண்டியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டால், கதவு மூடியிருப்பதாக வண்டி ஏமாந்துவிடும். கிளம்பும்போது கொண்டியை மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் கதவு மூடாது.

அரை மணி கழித்துப் பார்த்தேன். 2.6... 1.4... கடைசியில் 0.82-இல் வந்து நின்றது. அசையவில்லை.

0.82 ஆம்பியர்! 31 மணி நேரத்தால் பெருக்கினால் 25 ஆம்பியர்-அவருக்கு மேல். 60-இல் 25 போனால் மீதி 35 இருக்கிறதே, ஸ்டார்ட் ஆக வேண்டாமா என்று கேட்பீர்கள். ஆகும், பேட்டரி முழு ஆரோக்கியமாக இருந்தால். ஆனால் காரின் பேட்டரி ஒரே இழுப்பில் நிறைய கரண்ட் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகள் வைத்துச் செய்தது. அதை வாரா வாரம் பாதிக்கு இறக்கினால் தகட்டில் லெட் சல்பேட் படிந்து இறுகிவிடும். இறுகியது சார்ஜில் கரையாது. 60 என்று மேலே அச்சிட்டிருப்பது உள்ளே 45 ஆகும், 40 ஆகும். அதனால்தான் புது பேட்டரி மூன்று வாரம் தாங்கியது, நாலாவது வாரம் படுத்தது. பேட்டரி குற்றவாளி இல்லை, அடி வாங்கியவன்.

சரி, அடித்தவன் யார்? ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எந்த ஃபியூஸைப் பிடுங்கும்போது ரீடிங் விழுகிறதோ அந்த வழியில் திருடன். முதலில் ஊரே கைகாட்டிய ஜி.பி.எஸ். கருவி. அதன் ஒயரில் இருக்கும் ஃபியூஸை எடுத்தேன். 0.82 என்பது 0.80 ஆனது. வெறும் 20 மில்லி ஆம்பியர். ஸ்டாண்டு முழுக்கத் தூக்கு தண்டனை கொடுத்த ஆள் நிரபராதி! ரேடியோவும் கடிகாரமும் சேர்ந்து ஒரு 10 மில்லி. டிக்கி விளக்கு, ரூம் லைட், ஹாரன், ஃபேன், பவர் விண்டோ... முப்பதுக்கு மேல் ஃபியூஸ். எல்லாவற்றையும் எடுத்து, ஒரு பழைய முட்டை அட்டையில் வரிசை மாறாமல் குத்தி வைத்தேன். (இந்த முட்டை அட்டை முறைக்கு நம் லேப் அட்டெண்டர் அண்ணனுக்கு நன்றி.) மீட்டர் 0.79-இல் நின்றது.

உள்ளே எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று, இன்னும் குடிக்கிறது. மணி பத்து. எனக்கு வயிற்றைக் கலக்கியது. தெருவில் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். "டிப்ளமோ என்னப்பா சொல்லுது?" என்று பால்கார அண்ணன் கேட்டார்.

அப்பா டீ கொண்டுவந்து கொடுத்தார். பம்பர் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கண்ணு, இந்த வண்டியில கட்-அவுட்டு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"கட்-அவுட்டா? அது எதுக்குப்பா?"

"தர்மபுரியில நான் கிளீனரா இருந்தப்ப மொதலாளிகிட்ட பழைய அம்பாசடர் ஒண்ணு இருந்துச்சு. அதுல டைனமோ. கட்-அவுட்டு பாயிண்ட் ஒட்டிக்கிச்சுன்னா வண்டி நின்னப்புறம் டைனமோவே பேட்டரியத் தின்னுடும். பட்டுனு ஸ்க்ரூடிரைவர் பிடியால ஒரு தட்டு தட்டுவோம், விட்டுடும். ராத்திரி தட்டாம போயிட்டா காலையில தள்ளணும்."

நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். நம் சிலபஸில் இது ஒரு வரியாகத்தான் வருகிறது. டைனமோ பேட்டரியை நிரப்பும். என்ஜின் நின்றதும் பேட்டரி கரண்ட் திரும்பி டைனமோவுக்குள் ஓடிவிடாமல் தடுக்க நடுவில் ஒரு கதவு வேண்டும். அந்தக் கதவுதான் கட்-அவுட் ரிலே. ஆல்டர்னேட்டர் வண்டியில் கட்-அவுட் ஏன் இல்லை? கதவு வேறு ரூபத்தில் உள்ளேயே இருக்கிறது. டயோடு! ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது மூன்று ஃபேஸ் ஏ.சி. அதை டி.சி. ஆக்க உள்ளே ஆறு டயோடு. டயோடு ஒரு பக்கம்தான் விடும், எதிர்ப்பக்கம் விடாது. அதனால் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் வேலையையும், ராத்திரிக் காவலையும் ஒரே ஆள் பார்க்கிறான். கிரைஸ்லர் கம்பெனி 1960-ஆம் வருஷ மாடல் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் போட்டதே, கையடக்கமான சிலிக்கன் டயோடு கிடைத்த தைரியத்தில்தான்.

அந்தக் காவல்காரனே திருடினால்?

பானெட்டுக்குள் கையை விட்டேன். முந்தின நாள் ராத்திரி 9 மணிக்கு நின்ற என்ஜின். 13 மணி நேரம் ஆகிறது. ஜனவரி மாதப் பனி, மரத்தடி நிழல். என்ஜின் பிளாக் ஜில்லென்று இருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஜில். ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் மட்டும் வெதுவெது என்று, காய்ச்சல் பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது.

"அப்பா, கையை வெச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தார். எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

0.79 ஆம்பியரை 12.3 வோல்ட்டால் பெருக்கினால் 10 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. ராத்திரி முழுக்க அந்த 10 வாட்டும் அங்கே சூடாகிக்கொண்டிருந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், காரின் ரூம் லைட் பல்பு ஒன்றும் பெரும்பாலும் 5, 10 வாட்தான். ஓனர் கணக்கில் தப்பே இல்லை. ரூம் லைட்டைப் போட்டுவிட்டுப் போனால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவுதான் இறங்கியிருக்கிறது. ஆளைத்தான் தப்பாகப் பிடித்தார்.

பகலில் ஏன் தெரியவில்லை என்றால், அந்த 14.2-ஐ இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆம்பியருக்கு மேல் கொடுக்கக்கூடிய ஆல்டர்னேட்டருக்கு, ஒரு ஆம்பியருக்கும் குறைவான கசிவு ஒரு பொருட்டே இல்லை. பக்கெட்டில் சின்ன ஓட்டை, மேலே குழாய் முழு வேகத்தில் திறந்திருக்கிறது. பக்கெட் நிறைந்துதான் இருக்கும். குழாயை மூடினால்தான் ஓட்டை தெரியும். 'சார்ஜ் ஏறுது, ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு' என்று எல்லா மெக்கானிக்கும் அதை விட்டுவிட்டதற்கு இதுதான் காரணம். அவர்களைக் குறை சொல்லவில்லை. 4 மணி டிரிப்பு வண்டியை அரை மணி தூங்க வைத்துப் பார்க்க யாருக்கு நேரம்?

ஆனாலும் கை வெதுவெதுப்பு சாட்சி ஆகாது. ஆல்டர்னேட்டரின் மெயின் கேபிளைக் கழற்றி ரீடிங் விழுவதைக் காட்ட வேண்டும். 'கழட்டி வெச்சுடப் போறான்' என்று ஓனர் சொன்னது ஞாபகம் இருந்தது. அப்பாதான் சொன்னார்: "அவரே வரட்டும். அவர் முன்னாடியே கழட்டு."

சாயங்காலம் ஓனர் ஸ்கூட்டரில் வந்தார். ஃபியூஸ்களை எல்லாம் திரும்ப மாட்டி, வண்டியை மறுபடி தூங்க வைத்திருந்தேன். மீட்டரில் 0.82. முதலில் மைனஸ் கேபிளை முழுசாக எடுத்தேன். இதை யாரும் விட்டுவிடாதீர்கள். ஆல்டர்னேட்டர் கேபிள் நேராக பேட்டரி பிளஸ்ஸுக்குப் போகிறது, மைனஸை எடுக்காமல் ஸ்பேனர் வைத்து அது பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பிறகு ஆல்டர்னேட்டர் பின்னால் இருந்த நட்டைக் கழற்றி, கேபிள் முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓரமாக வைத்தேன். மறுபடி மீட்டரைக் கோர்த்து அரை மணி நேரம் காத்திருந்தோம். ஓனர் அந்த அரை மணியும் போன் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

0.03.

"இது என்னப்பா?" என்றார் ஓனர்.

"30 மில்லி ஆம்பியர் சார். இவ்வளவுதான் குடிக்கணும். அந்த நட்டை மாட்டினா 0.82. கழட்டினா 0.03. ஆல்டர்னேட்டருக்குள்ள டயோடு லீக்."

"மறுபடி மாட்டிக் காட்டு."

மாட்டிக் காட்டினேன். இன்னொரு அரை மணி. 0.82. அப்புறம் அவர் எதுவும் பேசவில்லை. மெதுவாக, "டைனமோவே தின்னுதா" என்று மட்டும் கேட்டார். பழைய ஆட்களுக்கு ஆல்டர்னேட்டரும் டைனமோதான்.

மறுநாள் காலை டிரிப்புக்கு ஒரு தற்காலிக ஏற்பாடு தேவைப்பட்டது. சுலபம்தான்: ராத்திரி மைனஸ் கேபிளைக் கழற்றி வைத்தோம், 4 மணிக்கு மாட்டினோம். முதல் திருகலில் ஸ்டார்ட். செவ்வாய்க்கிழமை பாகலூர் ரோட்டில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் ஆல்டர்னேட்டரைப் பிரித்தோம். மீட்டரை டயோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, ஆறில் இரண்டு, இரண்டு பக்கமும் ரீடிங் காட்டியது. பிளஸ் தகட்டில் ஒன்று, மைனஸ் தகட்டில் ஒன்று. இதைக் கவனியுங்கள்: ஒன்று மட்டும் கெட்டிருந்தால் அதோடு வரிசையில் நிற்கும் அடுத்த டயோடு பெரும்பாலும் தடுத்திருக்கும். இரண்டு கதவும் சேர்ந்து ஒழுகியதால்தான் பேட்டரியிலிருந்து எர்த்துக்கு வழி கிடைத்தது. ரெக்டிஃபயர் பிளேட்டை மொத்தமாக மாற்றினார். பேட்டரியில் பாதி விலைகூட ஆகவில்லை. அண்ணன் என்னிடம், "எந்த காலேஜ்?" என்று கேட்டார். சொன்னேன். பெருமையாக இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

நம் ஜூனியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபியூஸைப் பிடுங்கும் முறை எல்லா வண்டிக்கும் ஒத்துவராது. இப்போது வரும் கார்களில் ஒரு ஃபியூஸை எடுத்து மாட்டினாலே ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டு ரீடிங்கைக் குழப்பும். அதற்கு ஃபியூஸை எடுக்காமலே அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லி வோல்ட் பார்க்கலாம். ஃபியூஸுக்கும் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டு. கரண்ட் ஓடினால் கொஞ்சம் வோல்ட்டேஜ் தெரியும், ஓடாவிட்டால் பூஜ்யம். நம்முடைய அதே வி = ஐ.ஆர்.தான். பரீட்சைக்கு மட்டும் என்று நினைத்திருந்தோமே!

எலக்ட்ரிக் வண்டி வந்துவிட்டால் இந்தத் தொல்லை இருக்காது என்று நம் வகுப்பில் ஒரு நண்பன் அடித்துச் சொல்கிறான். நம் மாவட்டத்திலேயே எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தயாராவதால் அவனுக்கு அந்த தைரியம். ஆனால் எலக்ட்ரிக் கார்களில் பெரும்பாலானவற்றில் பெரிய பேட்டரியோடு ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியும் இருக்கிறது. கதவு பூட்டும் கம்ப்யூட்டர்களும் அதில்தான் உயிர் வாழ்கின்றன. அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழுந்திருக்காது. 1912-இல் காடிலாக் காரில் கெட்டரிங் என்ற என்ஜினியரின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்து, கையால் ஹேண்டில் சுற்றும் வேலை போனது. அன்றைக்குப் பிடித்த பேட்டரிக் கவலை இன்னும் விடவில்லை.

ஓனர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை. அந்த மாதச் சம்பளத்தில் 1,000 ரூபாய் பிடிக்கவில்லை. முன்பு பிடித்த 2,000 இன்னும் திரும்பி வரவில்லை. அப்பா கேட்க மாட்டார். அம்மா வாரத்துக்கு ஒரு முறை ஞாபகப்படுத்துகிறார். ஆனால் ஸ்டாண்டில் அதே நாலு டிரைவர் இருக்கும்போது ஓனர், "நம்ம டிரைவர் பையன் மீட்டர் வெச்சு புடிச்சான்யா, டைனமோ திருடுது" என்று சொன்னாராம். அப்பா அன்றைக்கு சாயங்காலம் அரை கிலோ கறி வாங்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று சொல்லவில்லை.

மீட்டர் இப்போது என்னிடம் இல்லை. வண்டியின் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. 20 வோல்ட் நிலையில் வைக்க அப்பா கற்றுக்கொண்டுவிட்டார். சாவியைத் திருகும் முன்பு ஒரு தடவை பார்த்து, டிரிப் ஷீட்டின் ஓரத்தில் எழுதி வைக்கிறார். போன திங்கட்கிழமை காலை 4 மணிக்கு 12.5.